கொப்புளம் எத்தனை மணி நேரம் கழித்து வந்தது? வீட்டுப் பின்புறத்தில் தோலைப் புண்ணாக்கும் செடிகள்

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் மலையடிவாரத்தை ஒட்டிய வீடு. சனிக்கிழமை காலை பின்பக்கத்தைச் சுத்தம் செய்தோம். வேலிக்கு மேல் சாய்ந்திருந்த மாங்கிளைகளை வெட்டினோம், லாலாங் புல்லை மெஷினால் அரிந்தோம், வாய்க்கால் ஓரத்துச் சேம்புப் புதரைப் பிடுங்கினோம். அன்று கையில் லேசான நமைச்சல், குளித்ததும் போய்விட்டது. ஞாயிறு ஒன்றுமில்லை. திங்கள் காலை இரண்டு முன்கைகளிலும் கோடு கோடாகச் சிவந்து நீர்க்கொப்புளம். வலது கண் இமை வீங்கியிருக்கிறது. அம்மா கோடாலித் தைலம் தடவினார், எரிச்சல் கூடிவிட்டது. இணையத்தில் தேடினால் பாய்சன் ஐவி என்றே வருகிறது. அதுதானா? இப்போது என்ன செய்வது?

பதில்: பாய்சன் ஐவி இல்லை. அது வட அமெரிக்காவில் பரவலாக இருக்கும் கொடி. பினாங்கு வீட்டுப் பின்புறத்தில் அதைத் தேட வேண்டாம். மூன்று மூன்று இலையாக இருந்தால் தொடாதே என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் விதியும் இங்கே உதவாது, ஏனென்றால் நம் பக்கத்தில் அதே வேலையைச் செய்யும் மரங்களுக்குத் தனி இலைதான். ஆனால் நீங்கள் கண்டது அதன் நெருங்கிய சொந்தத்தின் வேலை. பாய்சன் ஐவி, மா, முந்திரி, ரெங்காஸ், சித்த மருந்துக் கடையில் கிடைக்கும் சேராங்கொட்டை எல்லாம் ஒரே குடும்பம். நீங்கள் சொன்ன நேரக் கணக்கையும், கோடு விழுந்த விதத்தையும், இமை வீக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் மாம்பால் ஒவ்வாமையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சனிக்கிழமை வந்து போன நமைச்சல் வேறு; அது சேம்பு.

இதில் பலரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். எந்தச் செடி என்று முதலில் தேடுகிறார்கள். அதைவிட, தொட்டதற்கும் தோல் மாறியதற்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆனது என்று பார்ப்பது பயனுள்ளது. தொட்ட சில நிமிடத்தில் குத்தலும் நமைச்சலுமாக வந்தால் சுணை அல்லது ஊசிப் படிகம்: சேம்பு, பூனைக்காலி, மூங்கில் சுணை, ஜெலாத்தாங் என்ற காட்டுச் செடி. சில மணி நேரத்தில் எரிச்சலாகத் தொடங்கிப் புண்ணானால் பெரும்பாலும் கள்ளி வகைப் பால். ஒன்று முதல் மூன்று நாள் கழித்து அரிப்பும் கொப்புளமுமாக வந்தால் ஒவ்வாமை: மா, ரெங்காஸ், பார்த்தீனியம். அரிப்பு குறைவு, எரிச்சல் அதிகம், வெயில் பட்ட இடத்தில் மட்டும், பிறகு கருப்பாகிவிட்டது என்றால் எலுமிச்சைச் சாறும் வெயிலும் சேர்ந்து செய்தது. ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே தைலத்தைத் தடவுவதால்தான் சின்ன விஷயம் பெரிதாகிறது.

மாமரத்திலிருந்து தொடங்குகிறேன். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தரைவீட்டு வாசலில் அதிகம் நிற்கும் மரம் அதுதான். சோறோடு மாங்காய் தின்கிறோம், வாசலில் மாவிலை கட்டுகிறோம், அது எப்படி விஷமாகும் என்று கேட்பார்கள். பழச்சதையில் பிரச்சினை மிகக் குறைவு. பால், பட்டை, இலை, பழத்தோல், குறிப்பாகக் காம்பு ஒடியும் இடம், இவற்றில் ரெசார்சினால் வகை எண்ணெய்ப் பொருள்கள் இருக்கின்றன. பாய்சன் ஐவியில் இருக்கும் யூருஷியாலுக்கு இவை வேதியியல் முறையில் நெருங்கியவை. ஒன்றுக்குப் பழகிய உடம்பு மற்றதையும் அடையாளம் கண்டுகொள்ளும். காம்பை ஒடித்த முதல் சில நொடிகளில் பால் அழுத்தத்தோடு பீய்ச்சும், அதுதான் மிகவும் வீரியமானது. துரட்டியால் தலைக்கு மேல் கிளையை இழுக்கும்போது அந்தப் பால் துளித்துளியாக முகத்திலும் கழுத்திலும் விழும். தண்ணீர் மாதிரி இருப்பதால் வியர்வை என்று நினைத்துக் கையால் துடைத்துவிடுவோம். இமை வீங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: உடம்பிலேயே மெல்லிய தோல் இமையில் இருக்கிறது, வியர்வை துடைக்கிற கை அங்கேதான் போகிறது.

'பத்து வருஷமாக இந்த மரத்தை வெட்டுகிறேன், ஒருநாளும் ஒன்றும் வந்ததில்லை' என்பது வாதம் ஆகாது. ஒவ்வாமை முதல் முறை தொட்டதும் வருவதில்லை. பலமுறை தொட்ட பிறகு ஒரு கட்டத்தில் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அதை எதிரியாகப் பதிந்துகொள்கின்றன. பதிந்த பின், அடுத்த முறை தொட்டால் 12 முதல் 72 மணி நேரத்தில் கொப்புளம் கிளம்பும். அதற்குப் பிறகு அது வாழ்நாள் முழுக்க இருக்கும் என்றே எண்ணி நடந்துகொள்ள வேண்டும். மாம்பால் ஒவ்வாதவர் மா இனத்தைச் சேர்ந்த குவினி, பாச்சாங், பிஞ்சாய் மரங்களிடம் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பாலிக் புலாவ் பக்கத்துப் பழைய கம்போங் வீடுகளில் இந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. பாச்சாங், பிஞ்சாய் இரண்டின் பாலும் ஒவ்வாமை இல்லாதவர் தோலையும் உதட்டையும்கூடப் புண்ணாக்கும்.

இந்தக் குடும்பத்தில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது ரெங்காஸ். ஆற்றங்கரை, சதுப்பு, மலைக்காட்டு ஓரம் என்று நிற்கும் பெரிய மரம். காட்டை ஒட்டிய வீடுகளில் வேலிக்கு உள்ளேயே கன்று முளைத்துவிடும். அடையாளம்: பட்டை செம்பழுப்பாகச் செதில் உரியும், வெட்டுப்பட்ட இடத்தில் கருப்புக் கறை வடிந்து தார் ஊற்றியதுபோல் காய்ந்திருக்கும். புதிதாக வரும் பால் கருப்பாக இருக்காது. காற்றுப்பட்ட பிறகுதான் கருக்கும். சந்தேகமான மரம் என்றால் ஒரு சோதனை உண்டு. தடித்த பிளாஸ்டிக் கையுறை போட்டு, ஓர் இலையை வெள்ளைத் தாளின் மடிப்புக்குள் வைத்து, கல்லால் நசுக்கி, இலையை எடுத்துப் போட்டுவிடுங்கள். தாளில் உள்ள ஈரக்கறை பத்து நிமிடத்திலிருந்து ஒரு நாளுக்குள் பழுப்பாகிக் கருத்தால் அந்த மரத்தை நீங்கள் தொட வேண்டாம், மரம் வெட்டத் தெரிந்தவரிடம் விடுங்கள். சாற்றைத் தோலில் தடவிப் பார்க்கும் சோதனை மட்டும் வேண்டவே வேண்டாம். காய்ந்த ரெங்காஸ் பலகையின் தூளும் ஒவ்வாதவருக்குக் கொப்புளம் தரும். பழைய மேசை நாற்காலியை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இப்போது உங்கள் கைக்கு வருகிறேன். மூன்றாம் நாளில் பாலைக் கழுவி எடுக்க முடியாது, அது தோலோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பாலும் சாதாரணத் தண்ணீராலும் இரு கைகளையும் நகக்கண் உட்படக் கழுவுங்கள், ஏனென்றால் நகத்துக்கு அடியில் பால் இன்னும் இருக்கலாம். தைலத்தையும் அதோடு எடுத்துவிடுங்கள். கோடாலித் தைலம், டைகர் பாம் இரண்டிலும் உள்ள மெந்தால், கற்பூர வகைகள் உடைந்த தோலில் எரிச்சலை ஏற்றும். மஞ்சளும் எலுமிச்சையும் அரைத்துப் பூசுவது, சுண்ணாம்பு தடவுவது, வெந்நீர் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். வெந்நீர் ஊற்றினால் சில நிமிடம் அரிப்பு அடங்குவதுபோல் இருக்கும்; பிறகு இரண்டு மடங்காகத் திரும்பும்.

அரிப்புக்குச் சிறந்தது குளிர்ச்சி. சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து 15 முதல் 20 நிமிடம் போட்டு வையுங்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. கொப்புளம் உடைந்து நீர் வடிந்தால் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஊறல் நன்றாக உலர்த்தும். அளவு முக்கியம்: 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர், அதாவது பத்தாயிரத்துக்கு ஒன்று. நிறம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஊதாவாக இருந்தால் அதிகம், தோலைச் சுடும். மாத்திரை முழுக்கக் கரைந்த பிறகே கையை விடுங்கள், கரையாத துணுக்கு ஒட்டினால் அந்த இடம் வெந்துவிடும். 10 முதல் 15 நிமிடம் போதும். நகமும் பிளாஸ்டிக் வாளியும் பழுப்பாகும். முன்னாலேயே நகத்தில் வாசலின் தடவிக்கொள்ளலாம். நீர் வடிதல் நின்றதும் இதை நிறுத்திவிடுங்கள், தொடர்ந்தால் தோல் வெடிக்கும்.

ஒவ்வாமையை உண்மையில் அடக்குவது ஸ்டீராய்டு கிரீம். பார்மசியில் எளிதாகக் கிடைக்கும் 1 விழுக்காடு ஹைட்ரோகார்டிசோன் முன்கைத் தோலுக்குப் பெரும்பாலும் போதாது. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போன்ற வீரியமானது தேவைப்படும், அதை டாக்டரோ பார்மசிஸ்டோ பார்த்துத் தரட்டும். பலர் செய்யும் தவறு, பயந்துபோய்க் கடுகளவு தடவுவது. ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை டியூபிலிருந்து பிதுக்கினால் அது ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள தோலுக்குச் சரியாக இருக்கும். ஒரு முன்கைக்கு அதுபோல் ஒன்றரை அளவு. ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, 7 முதல் 14 நாள். இந்த வீரியமான கிரீமை முகத்திலும் இமையிலும் இடுப்பு மடிப்பிலும் போடக் கூடாது. இமைக்கு இப்போதைக்குக் குளிர்ந்த துணி மட்டும், மருந்து டாக்டர் சொல்வது.

அலர்ஜி மாத்திரை, அதாவது செட்டிரிசின் மாதிரியானவை, இந்த வகை அரிப்பை அதிகம் குறைக்காது, ஏனென்றால் இது ஹிஸ்டமின் வழியாக வரும் அரிப்பு அல்ல. தூக்கம் வரவைக்கும் பழைய ரகங்கள் இரவில் சொறியாமல் தூங்க உதவும், மறுநாள் காலை மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது மயக்கம் மிச்சமிருக்கலாம், கவனம். அரிப்புக்கென்று விற்கும் அலர்ஜி மருந்து கலந்த களிம்புகளும் மரத்துப்போக வைக்கும் களிம்புகளும் தாங்களே புதிய ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கும் பெயர் தெரியாத 'அதிசய' கிரீம்களை வாங்காதீர்கள். மலேசியாவில் பதிவான மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். அது இல்லாததில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த சில நாளில் புது இடங்களில் கொப்புளம் கிளம்பலாம், பயப்படாதீர்கள். கொப்புள நீர் பட்டுப் பரவுகிறது என்பது தவறான நம்பிக்கை. அந்த நீர் உங்கள் உடம்பில் ஊறியது, அதில் மாம்பால் கிடையாது. பால் அதிகம் பட்ட இடமும் மெல்லிய தோலும் முதலில் கிளம்பும், குறைவாகப் பட்ட இடமும் தடித்த தோலும் பிந்திக் கிளம்பும், அவ்வளவுதான். வீட்டில் வேறொருவருக்குத் தொற்றவும் செய்யாது. ஆனால் பால் காய்ந்த சட்டை, பாராங் கத்தியின் பிடி, மரத்தில் சாய்ந்த துரட்டி, பூட்ஸ் கயிறு, புதரில் ஓடிய நாய் இவற்றைத் தொட்டால் ஒவ்வாமை உள்ள யாருக்கும் வரும். புண் ஆறிய பிறகும் திரும்பத் திரும்ப வந்தால் இந்தப் பொருள்களில் ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். யூருஷியால் வகை எண்ணெய் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் வீரியத்தோடு இருக்கும். துணியைத் தனியாக, சோப்புத்தூள் நிறையப் போட்டு, வெந்நீரில் இரண்டு முறை துவையுங்கள். கருவிகளைக் கையுறையோடு ஸ்பிரிட்டில் துடைத்து, பிறகு பாத்திர சோப்பால் கழுவித் துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி வையுங்கள்.

அடுத்த முறைக்கு ஒன்று: கழுவுவதில் நிமிடம் முக்கியம். யூருஷியால் பட்ட 10 நிமிடத்துக்குள் கழுவினால் ஏறக்குறைய பாதியை எடுத்துவிடலாம். அரை மணி ஆகிவிட்டால் பத்தில் ஒரு பங்குதான் வரும். எல்லா வேலையும் முடிந்து, தேத்தண்ணீர் குடித்து, பிறகு குளிக்கலாம் என்றால் அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு வாளித் தண்ணீர், பாத்திர சோப், பழைய துணி வைத்துக்கொள்ளுங்கள். பால் எண்ணெய்த் தன்மை உள்ளது என்பதால் வெறும் தண்ணீர் அதைப் பரப்பத்தான் செய்யும். சோப்பு போட்டுத் துணியால் அழுத்தித் துடைத்து, அலசி, இதையே மூன்று முறை செய்ய வேண்டும்.

சேம்பைப் பற்றி. மலாயில் கெலாடி, பிராக் எனப்படுபவை, டிஃபென்பேக்கியா, மணி பிளாண்ட், பிலோடெண்ட்ரான் எல்லாம் சேம்போடு ஒரே குடும்பம். இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் கட்டுக்கட்டாக இருக்கும். நசுங்கும்போது அவை தோலில் குத்தி இறங்கும். கருணைக்கிழங்கு நறுக்கும் முன் வீட்டில் பெரியவர்கள் கையில் எண்ணெய் தடவிக்கொள்வது இதற்காகத்தான். நமைத்தால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் ஊசி இன்னும் ஆழம் போகும். ஓடும் தண்ணீரில் பிடித்துச் சோப்பால் மெதுவாகக் கழுவினால் ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும். உங்களுக்குச் சனிக்கிழமை நடந்தது இதுவே. ஆனால் குழந்தை டிஃபென்பேக்கியா தண்டைக் கடித்துவிட்டால் கதை வேறு: நாக்கும் தொண்டையும் வீங்கும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு வராது. வாயைத் துடைத்து, குளிர்ந்த தண்ணீரோ பாலோ சிறிது சிறிதாகக் கொடுத்து, வாந்தி எடுக்க வைக்காமல், உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். தாமான் சாலையோரத்திலும் அடுக்குமாடி வளாகங்களிலும் அழகுக்கு நடும் மீன்வால் பனையின் பழக்குலையிலும் இதே ஊசிகள் உண்டு. கீழே சிதறிய பழத்தைப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவார்கள். கூட்டும்போதும் கையுறை தேவை.

மூங்கில் உறையின் சுணை, பூனைக்காலிக் காயின் சுணை இரண்டுக்கும் வழி ஒன்றே: நனைக்கும் முன் செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்து எடுங்கள், பிறகு கழுவுங்கள். காட்டோரத்து ஜெலாத்தாங் தமிழ்நாட்டுச் செந்தட்டியின் வேலையைப் பல மடங்கு செய்யும், அதற்கும் டேப்தான் முதல் உதவி. அதன் வலி நாள்கணக்கில் நீடித்து, தண்ணீர் படும்போதெல்லாம் திரும்பலாம்.

கள்ளிப் பாலில் தோலைவிடக் கண்ணுக்கே ஆபத்து அதிகம், இதை அழுத்திச் சொல்கிறேன். திருகுகள்ளி, இலைக்கள்ளி, வீட்டு வாசலில் அடர்த்தியாகப் பூக்கும் முள்கிரீடச் செடி எல்லாம் இதில் அடங்கும். சதுப்புக்கரையில் நிற்கும் தில்லை மரமும் இந்தக் குடும்பம்தான். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அதே மரத்தை மலாய்க்காரர்கள் 'பூத்தா பூத்தா' என்பார்கள், கண்ணைக் குருடாக்கும் பால் என்பதால். கத்தரிக்கும்போது ஒரு துளி தெறித்தால் போதும். முதலில் சாதாரண எரிச்சல்போல் இருக்கும், சில மணி நேரத்தில் வலி ஏறி, மறுநாள் பார்வை மங்கிக் கருவிழி வீங்கியிருக்கும். தெறித்த உடனே குழாயைத் திறந்து, இமையை விரலால் விரித்துப் பிடித்து, 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். கையில் பால் இருந்தால் முதலில் சோப்பால் கை, பிறகு கண். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதுவும் ஊற்ற வேண்டாம். கழுவியதும் வலி குறைந்தாலும் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். நேரத்தோடு போனவர்களுக்குப் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் சரியாகிவிடுகிறது.

புல் வெட்டும் மெஷினைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். நைலான் கயிறு சுழலும் மெஷின் செடியை அறுப்பதில்லை, அடித்துத் துகளாக்குகிறது. சேம்பும் கள்ளியும் பூனைக்காலியும் எதுவாயினும் சாறும் சுணையும் கணுக்காலிலிருந்து முகம்வரை தெறிக்கும். கைலியும் சிலிப்பரும் போட்டு ஓட்டுபவர் காலில் புள்ளி புள்ளியாகப் புண் வருவது இதனால்தான். லாலாங்குக்கு விஷம் இல்லை, ஆனால் இலை விளிம்பில் உள்ள சிலிக்கா தோலில் நூல்நூலாகக் கீறும், அந்தக் கீறல் வழியாக மற்ற சாறு எளிதாக இறங்கும். உங்கள் முன்கைக் கோடுகள் சிலது லாலாங் கீறியவையாகவும் இருக்கலாம். ஆகவே வரிசை முக்கியம்: சேம்பு, கள்ளி, கொடி எல்லாவற்றையும் முதலில் கையுறையோடு கையால் அகற்றிவிட்டு, மிச்சப் புல்லுக்கு மட்டும் மெஷின். மாங்கிளை வெட்டுவது வேறொரு நாளில், லாலாங் கீறாத கையோடு.

எலுமிச்சைக்கு வருகிறேன். பழத்தோலிலும் இலையிலும் ஃபியூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது நம் தோலில் பட்டு வெயிலும் சேர்ந்தால் சூடு வைத்தது மாதிரி வெந்துவிடும். ஒரு நாளில் தொடங்கி இரண்டு மூன்று நாளில் உச்சம், பிறகு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் கருந்தடம். லீமாவ் நீப்பிஸ், லீமாவ் பூருட் செடியைக் கவாத்து செய்தாலும், கோயிலுக்கு நூற்றுக்கணக்கில் எலுமிச்சை வெட்டிக்கொடுத்தாலும், கையைக் கழுவாமல் வெளியே நின்றால் இது வரும். சாறு வழிந்த பாதையே தடமாக இருக்கும். கை கழுவாமல் பிள்ளையைத் தூக்கினால் பிள்ளையின் முதுகில் கைவிரல் வடிவில் தடம் விழும். அடித்ததாகச் சந்தேகப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. இதற்கு ஒவ்வாமை தேவையில்லை, யாருக்கும் வரும். சோப்பால் கழுவிவிட்டு நிழலுக்குள் போவதே தடுப்பு.

பார்த்தீனியம் மலேசியாவில் 2013இல் சிலாங்கூர் பத்தாங் காலியில் கண்டறியப்பட்டது. வடக்கே கெடா, பினாங்கு பக்கமும் இருக்கிறது. மலாயில் 'ரும்பாய் மியாங் மெக்சிகோ'. கேரட் இலைபோல் பிளவுபட்ட இலை, உச்சியில் சிறு சிறு வெள்ளைப் பூ. இதன் விசேஷம், தொடாமலே வரும். காய்ந்த துகளும் சுணையும் காற்றில் பறந்து முகம், இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று திறந்த இடத்தில் படிந்து அரிக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சும் திணறும். செவ்வந்தி மாலை தொட்டால் கை அரிக்கிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், இரண்டிலும் உள்ள ஒவ்வாப் பொருள் ஒரே இரசாயன வகை. பூக்கும் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது, முகக்கவசமும் கையுறையும் போட்டு வேரோடு பிடுங்கி, உதறாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி, விவசாய இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.

செடியே இல்லாமல் செடி மாதிரி வரும் ஒன்றும் உண்டு. செபராங் பிறை வயல் பக்கமும், பினாங்குத் தீவில் விளக்கு எரியும் அடுக்குமாடிகளிலும் 'சார்லி' என்று சொல்லப்படும் பூச்சி: ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம், ஆரஞ்சும் கருப்பும் மாறி மாறி. அது கடிப்பதில்லை, தோலில் வைத்து நசுக்கினால் வெளிவரும் பெடரின் என்ற நச்சுதான் சுடுகிறது. ஓரிரு நாளில் கோடு போட்ட கொப்புளம். முழங்கை மடிப்பின் இரு பக்கமும் ஒரே மாதிரிப் புண் எதிரெதிரே இருந்தால் அது சார்லியாக இருக்க வாய்ப்பு அதிகம். தோட்ட வேலையே செய்யாதவருக்கு இரவு தூங்கி எழுந்து மறுநாள் வந்தால் செடியைக் குறைசொல்ல வேண்டாம். பூச்சியைக் கண்டால் அடிக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தைச் சோப்பால் கழுவுங்கள்.

உடுப்பு விஷயத்தில் ஒரு சொல். ஹார்ட்வேர் கடையில் விற்கும் பருத்திக் கையுறை பாலை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும், வெறும் கையைவிட மோசம். எளிதாகக் கிடைக்கிறது என்று மெல்லிய ரப்பர் கையுறை போடுவதும் மா, ரெங்காஸ் வகைக்கு உதவாது, எண்ணெய் அதன் வழியே ஊடுருவும். முழங்கை வரை நீண்ட தடித்த பி.வி.சி. கையுறை வாங்குங்கள். முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, பூட்ஸ், பக்கமும் மூடிய கண்ணாடி. வெயில் தாங்காது என்பது உண்மைதான். அதனால் காலை 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். வியர்வை துடைக்கத் தோளில் தனித் துண்டு, கையுறைக் கை முகத்துக்குப் போகவே கூடாது. வெட்டியதை எரிக்காதீர்கள். திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். ரெங்காஸ் வகைக் குப்பையை எரித்தால் எண்ணெய் புகையோடு ஏறி மூச்சுக்குழாய்க்குள் அதே கொப்புளத்தை உண்டாக்கும் என்பது இன்னொரு பக்கம். அதில் உயிருக்கே ஆபத்து.

உங்கள் விஷயத்தில் இமை வீக்கம் இருப்பதால் வீட்டிலேயே சமாளிக்க நினைக்காமல் இன்றே கிளினிக் போங்கள். கண் முழுக்க மூடிப்போவது, மூச்சுத் திணறல், வாய் வீக்கம், புகை உள்ளே போனது இவை இருந்தால் கிளினிக் இல்லை, நேராக 999 அல்லது மருத்துவமனை அவசரப் பிரிவு. அரிப்பு மாறி வலியானால், மஞ்சள் பொருக்கு கட்டினால், சிவப்பு பரவிக் காய்ச்சல் வந்தால் கிருமி சேர்ந்துவிட்டது, அப்போதுதான் ஆன்டிபயாட்டிக் தேவை.

உடம்பில் பரவலாக இருந்தால் டாக்டர் பிரெட்னிசோலோன் மாத்திரை தரலாம். ஐந்தாறு நாள் மட்டும் கொடுத்து நிறுத்தினால் புண் பழையபடி கிளம்பும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைப்பதே வழக்கம். 'சரியாகிவிட்டதே' என்று பாதியில் நீங்களாக நிறுத்தாதீர்கள். இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் முதலிலேயே சொல்லுங்கள், இந்த மாத்திரை இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்கள் அளவை மாற்ற வேண்டியிருக்கும், வீட்டில் அடிக்கடி பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

போகும்போது செடிகளின் படத்தைப் போனில் எடுத்துப் போங்கள்: இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், பட்டை, காய் அல்லது பூ, வெட்டிய இடத்தில் வடியும் பால் என்ன நிறம் என்பது. செடியை வாயில் வைத்தது, கண்ணில் தெறித்தது போன்றவற்றில் டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் மிண்டனில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் தேசிய விஷ மையத்தை அவரே அழைத்துக் கேட்பார், அவர்களுக்கும் அந்தப் படம்தான் முதலில் தேவைப்படும். மலாய்ப் பெயர் தெரிந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெட்டின நாள், நேரம், கொப்புளம் கிளம்பிய நேரம், இதுவரை தடவியவை, அம்மா தடவிய தைலம் உட்பட, எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.